கழுந்தின் நீளம்

கல்லிடைக்குறிச்சியிலோ வீரவநல்லூரிலோ நூறு வருஷத்துக் கதவு ஒன்று பார்க்கக் கிடைத்தால் எல்லோரும் அதன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். பூவேலை, பித்தளைக் குமிழ், நிலைக்கு மேலே கஜலட்சுமி. நான் கதவைப் பாதி திறந்து அதன் விளிம்பைப் பார்ப்பேன். தாழ்ப்பாள் பதியும் அந்தக் குறுகிய பக்கத்தில், மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்றோ இரண்டோ என்று விரல் தடிமனில் சின்னச் சின்ன நீள்சதுரங்கள் இருக்கும். சுற்றியிருக்கும் மரத்தில் ரேகை மேலிருந்து கீழாக ஓடும். அந்தச் சதுரத்துக்குள் மட்டும் ரேகை இருக்காது, வெட்டிய கரும்பின் முகம் மாதிரிப் புள்ளிபுள்ளியாக இருக்கும். அது குறுக்குச் சட்டத்தின் தலை. நெட்டுச் சட்டத்தில் போட்ட துளைக்குள் நுழைந்து, மறுபக்கம் வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கிறது. அதன் இரண்டு ஓரத்திலும் மெல்லிய ஆப்பு அடித்திருப்பார்கள்.

அப்படி எட்டிப் பார்க்கிற நாக்குக்குத்தான் கழுந்து என்று பேர். அது போய் உட்காரும் இடம் துளை. கதவு என்பது சட்டமும் பலகையும். சட்டம் நான்கையும் இந்தக் கழுந்தும் துளையும்தான் பிடித்து வைத்திருக்கின்றன. ஆணி இல்லை. இருந்தால் ஒரு மூங்கில் ஆணி, குறுக்கே.

இன்றைக்கு நம் ஊர்ப் பட்டறைகளில் செய்து வரும் புதுக் கதவின் விளிம்பைப் பாருங்கள். வழவழவென்று இருக்கும். ஒரு சதுரமும் தெரியாது. தெரியாமல் போனது எப்போது, ஏன் என்கிற கேள்விதான் இந்தக் கட்டுரை. ஆசாரிகளுக்குக் கைத்திறன் குறைந்துவிட்டது, ஜனங்களுக்கு ரசனை போய்விட்டது என்று ஒரு பதில் ரெடியாக இருக்கிறது. அது எனக்கு ஒப்புதல் இல்லை. கழுந்தின் நீளத்தை இப்போது தீர்மானிப்பது ஆசாரி இல்லை, மெஷினில் மாட்டுகிற கட்டர் என்பதுதான் என் எண்ணம்.

முதலில் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மரம் செத்த பிறகும் மூச்சு விடும் என்பார்கள். கவிதை மாதிரி இருந்தாலும் அது கணக்குப் போடக்கூடிய சமாசாரம். காற்றில் ஈரம் ஏறினால் மரம் அகலவாக்கில் விரியும், ஈரம் குறைந்தால் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. தேக்கு இந்த விஷயத்தில் சாது. அதிலேயே ஓர் அடி அகலப் பலகை, மரத்தின் ஈரம் நான்கு சதவீதம் மாறினால், ரேகையைப் பொறுத்து ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை நகரும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பஞ்சம் கிடையாது. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று வரும். தென்காசிப் பக்கம் அது சாரல். கிழக்கே வரவர ஈரத்தை உதறிவிட்டு, பாளையங்கோட்டைக்கு வரும்போது வெறும் புழுதிக் காற்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து ஊரையே நனைக்கும். ஒரே கதவு ஆடியில் ஆடும், கார்த்திகையில் பிடிக்கும்.

அதனால்தான் சட்டத்தின் உள்விளிம்பில் ஒரு காடி எடுத்து, அதற்குள் பலகையைப் பசை போடாமல் சும்மா நுழைத்து வைப்பது. பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நகர்ந்துகொள்ளும். சட்டம் அசையாது. ஆனால் ஒன்று: மூன்றடிக்கு ஏழடித் தேக்குக் கதவு 35, 40 கிலோ வரும். அந்தப் பாரம் முழுக்கக் கீல் பக்கத்து நெட்டுச் சட்டத்தில் தொங்குகிறது. மற்ற மூன்று சட்டங்களும் கழுந்தை நம்பித்தான் நிற்கின்றன. கழுந்து தளர்ந்தால் கதவின் மூக்கு தரையில் இடிக்கும்.

இந்த இணைப்பு நம் பக்கத்துக்குப் புதிது இல்லை. வீரவநல்லூருக்கும் முக்கூடலுக்கும் நடுவே ஆற்றங்கரையில் திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் இருக்கிறது. அதன் ராஜகோபுரத்துக்குள் ஐந்து நிலையும் ஏறிப் பார்க்கலாம். சுவரெல்லாம் நாயக்கர் காலத்து ஓவியம், அதைப் பார்க்கத்தான் ஜனங்கள் போவது. நான் அண்ணாந்து பார்த்தது மரத்தூணையும் உத்தரத்தையும் போதிகையையும். கோபுரத்துக்குள்ளே ஒரு மரவீடு நிற்கிறது. இவ்வளவு மரத்தை ஒன்றோடொன்று கோத்து நிறுத்தினவனுக்குத் துளையும் கழுந்தும் சோறு தண்ணீர் மாதிரி.

ஆனால் பழைய நாட்டுக் கதவுகள் பெரும்பாலும் கனத்த பலகைகளைச் சேர்த்துப் பின்னால் குறுக்குக்கட்டை அடித்தவை. கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி, அது குழியில் சுழலும். மெல்லிய சட்டம், நடுவில் பலகை, ஓரத்தில் அச்சுவேலை, இரும்புக் கீல் என்கிற இன்றைய உருவம் பரவலானது பங்களாக்களும் கச்சேரிகளும் மாதாகோயில்களும் எழும்பிய காலத்தில். அதைக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென் திருநெல்வேலி அனாதைக் குழந்தைகளால் நிரம்பியது. 1876-ல் நாசரேத்துக்கு வந்த ஆர்தர் மர்காஷிஸ் என்கிற பாதிரியார் அவர்களுக்கு விடுதி ஆரம்பித்தார். சோறு போட்டால் மட்டும் போதாது, கைத்தொழில் வேணும் என்று 1878-ல் அங்கே ஒரு கலைத்தொழிற்பள்ளி தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல் எல்லாம் வகுப்பறைப் பாடம். இது சின்ன விஷயம் இல்லை. அதுவரை உளி பிடிப்பது பிறப்பால் வருகிற உரிமை. கொல்லர், தச்சர், கன்னார், சிற்பி, தட்டார் என்று கம்மாளர் ஐந்து பிரிவும் தங்கள் தொழிலைத் தங்கள் வீட்டுத் திண்ணைக்கு வெளியே விட்டதில்லை. ‘ஆசாரி மகனுக்கு அளவு கண்ணுல இருக்கும்’ என்று சொல்வார்கள். நாசரேத்தில் யார் பெற்ற பிள்ளை என்றே தெரியாத பையன் கரும்பலகையில் வரைந்த படத்தைப் பார்த்துக் கழுந்து அறுத்தான். மரத்தில் மூன்றில் ஒரு பங்கு கழுந்து, இரண்டு பக்கமும் தோள் என்று விதியாகச் சொல்லிவிட்டால் அளவு யார் கண்ணுக்கும் வரும் என்பதுதான் அதன் பொருள்.

இதே யோசனையை இங்கிலாந்தில் இன்னும் எண்பது வருஷம் முன்னால் வேறு ஒருவர் வேறு விதமாக யோசித்திருந்தார். தத்துவவாதி ஜெரமி பெந்தாமின் தம்பி சாமுவேல் பெந்தாம். அண்ணன் கைதிகளை நடுவிலிருந்தே கண்காணிக்கிற ஒரு வட்டச் சிறைக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சிறைக்கைதிகளை வைத்து வேலை வாங்க, திறமை தேவைப்படாத மரவேலை இயந்திரங்களைத் தம்பி யோசித்தார். 1793-ல் அவர் எடுத்த காப்புரிமையில் சுழலும் கத்தியால் மரத்தைச் சீவுவது, அச்சு எடுப்பது, துளை போடுவது எல்லாம் வந்துவிட்டது. இன்றைய ஸ்பிண்டில் மெஷினின் பாட்டன், பூட்டன் எல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கிறார்கள். சிறை கட்டப்படவில்லை. இயந்திரம் பிழைத்துக்கொண்டது. அவர் பொறுப்பில் இருந்த போர்ட்ஸ்மத் கப்பல் தளத்தில் மார்க் புருனெல் வரைந்து ஹென்றி மாட்ஸ்லே செய்துகொடுத்த இயந்திரங்கள் கப்பலுக்கான மரக் கப்பிகளைச் செய்தன. அதில் முக்கியமானது துளை போடும் மெஷின். 110 கைதேர்ந்த ஆட்கள் செய்த வேலையைத் தேர்ச்சியில்லாத 10 பேர் செய்தார்கள் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. 1808-ல் ஒரு வருஷத்தில் 1,30,000 கப்பிகள்.

இதெல்லாம் நமக்கு ரொம்ப தூரத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். அந்தக் கடற்படையின் மரப்பசிதான் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தேடி வந்தது. ஓக் மரம் தீர்ந்துபோக, 1806-ல் மலபார், திருவிதாங்கூர்த் தேக்குக்கென்றே வாட்சன் என்கிற கேப்டனைக் காவலராகப் போட்டார்கள். மரம் வைத்திருந்தவர்களும் வியாபாரிகளும் போட்ட கூச்சலில் 1823-ல் அந்தப் பதவியையே எடுக்க வேண்டிவந்தது. 1817-ல் பம்பாயில் தேக்கால் கட்டிய ‘திருகோணமலை’ என்கிற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் மிதக்கிறது. மலையின் அந்தப் பக்கம் மரம் இருந்தது, கடலின் அந்தப் பக்கம் மெஷின் இருந்தது. இரண்டும் திருநெல்வேலிக்கு வர ரயிலும் கரண்டும் வேண்டியிருந்தது.

ரயில் 1876-ல் திருநெல்வேலிக்கு வந்தது. 1904-ல் செங்கோட்டை மலையைக் குடைந்து கொல்லம் வரைக்கும் போனது. கரண்டுக்கு முன்னாலேயே தாமிரபரணி மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டது: 1885-ல் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் பஞ்சாலை வைத்ததே விழுகிற தண்ணீரின் வேகத்துக்காக. 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. பெரிய ஆலையில் மட்டும் இருந்த சுழற்சி, கம்பி வழியாகச் சின்னப் பட்டறைக்கும் வரலாம் என்று ஆனது. மர அறுவை வாள் முதலில், இழைப்பு மெஷின் அடுத்து, கடைசியில் மேஜை நடுவில் செங்குத்தாக ஒரு தண்டு சுழல்கிற ஸ்பிண்டில் மெஷின். அமெரிக்காக்காரர்கள் இதை ஷேப்பர் என்பார்கள். நம் ஊரில் ஷேப்பர் என்று கேட்டால் லேத் பட்டறைக்கு வழி சொல்லி இரும்பு சீவுகிற மெஷினைக் காட்டுவார்கள், ஜாக்கிரதை.

பேட்டையில் என் அத்தான் ஒரு கதவுப் பட்டறை வைத்திருக்கிறார். அங்கே ஒரு ஸ்பிண்டில் மெஷின். அதற்குக் கட்டர் செட் வாங்க வேண்டியிருந்தபோது மூன்று கேட்லாக்கை என் முன்னால் போட்டு, “ஏல, நீ நாலு எழுத்து படிச்சவன்லா, இதுல எது உருப்படின்னு பாத்துச் சொல்லு” என்றார். எனக்கு மெஷின் தெரியாது, கதவின் சரித்திரம்தான் கொஞ்சம் தெரியும். ஆனால் அந்த கேட்லாக்குகளைப் படிக்கப் படிக்கத்தான் நான் தேடிக்கொண்டிருந்த சரித்திரமே அதற்குள் இருப்பது தெரிந்தது.

கதவு செய்கிற கட்டர் ஜோடியாக வரும். ஒன்று சட்டத்தின் உள்விளிம்பில் அச்சுவேலையையும் பலகைக்கான காடியையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கும். மற்றது குறுக்குச் சட்டத்தின் முனையில் அதே அச்சை எதிர்மறையாக வெட்டும். இரண்டையும் சேர்த்தால் கையுறைக்குள் விரல் மாதிரிப் போய் உட்காரும். கையில் செய்தபோது மூலையில் அச்சுவேலையை 45 டிகிரியில் சாய்த்து வெட்டிச் சேர்த்தார்கள். மரம் சுருங்கினால் அந்தச் சாய்ந்த கோடு வாய் பிளக்கும். எதிரச்சு வெட்டினால் அப்படித் தெரியாது. இந்த இடத்தில் மெஷின் கையை ஜெயித்தது என்றே சொல்லவேண்டும்.

ஆனால் பொதுவாக விற்கிற ஜோடியில், குறுக்குச் சட்டத்தின் முனையில் மிஞ்சுகிற நாக்கு காடியின் ஆழத்துக்குத்தான் இருக்கும். 10 மில்லிமீட்டர், மிஞ்சிப் போனால் 12. அதற்கு மேல் நீளமான கழுந்து வேண்டுமென்றால் சுழல்கிற தண்டின் தலையும் நட்டும் குறுக்கே நிற்கும். கழுந்தை உள்ளே தள்ள இடமே இல்லை. பழைய கதவில் 100 மில்லிமீட்டர் நெட்டுச் சட்டத்தை முழுக்க ஊடுருவிய கழுந்து, இங்கே ஒரு நகக்கண் அளவுக்கு வந்துவிட்டது. அதுவும் அமெரிக்காவின் அலமாரிக் கதவுக்காகச் செய்த செட் என்றால் காடியின் அகலம் கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர்தான். முக்கால் அங்குல அலமாரிக் கதவுக்கு அது மூன்றில் ஒரு பங்கு, சரியான அளவு. அதையே 38 மில்லிமீட்டர் வாசல் கதவில் ஓட்டினால் ஆறில் ஒரு பங்கு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி அழகாக இருக்கும், அதுதான் சிக்கல்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 மில்லிமீட்டர் அகலக் குறுக்குச் சட்டத்தில் 12 மில்லிமீட்டர் நாக்கு என்றால் இரண்டு முகத்திலும் சேர்த்து ஒட்டுகிற பரப்பு 2,400 சதுர மில்லிமீட்டர். அதே சட்டத்தில் 70 மில்லிமீட்டர் அகலக் கழுந்து நெட்டுச் சட்டத்தை ஊடுருவிப் போனால் 14,000. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அதோடு ஆப்பு, மூங்கில் ஆணி. பசை செத்தாலும் பிடி இருக்கும்.

பசை என்றதும் இன்னொரு வருஷம் சொல்ல வேண்டும். பழைய ஆசாரிகளுக்குப் பசை என்றால் வஜ்ரம், மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுத்தது. சட்டியில் சூடாக்கித் தடவ வேண்டும். ஈரம் பட்டால் இளகிவிடும். அந்தப் பசையை நம்பி 12 மில்லிமீட்டர் நாக்கில் ஒருத்தனும் வாசல் கதவைத் தொங்கவிட மாட்டான். 1959-ல் ஃபெவிகால் வந்தது. டப்பாவைத் திறந்தால் போதும், சூடாக்க வேண்டாம், காய்ந்தால் மரத்தைவிடக் கெட்டி. சின்ன நாக்குக்கு உயிர் கொடுத்தது இந்த வெள்ளைப் பசைதான். கட்டரும் பசையும் சேர்ந்து கழுந்தைச் சுருக்கின. ஆனால் பசை ஒரு நிபந்தனை போடும்: மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

அந்த நிபந்தனைதான் நம் பக்கத்தில் நிறைவேறுவதில்லை. மலைத் தேக்கும் வேங்கையும் கோங்கும் சுலபத்தில் கிடைத்த காலம் போய்விட்டது. 1988-ல் களக்காடும் முண்டந்துறையும் ஒன்றாகிப் புலிகள் காப்பகம் ஆயின. 1996 டிசம்பரில் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு நாடு முழுக்கக் காட்டில் மரம் வெட்டுவதைக் கட்டிப்போட்டது. நல்லதுதான், தாமிரபரணி ஓட வேண்டுமென்றால் பொதிகையில் மரம் நிற்க வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து மியான்மர் முழுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும் பர்மா தேக்கும் எட்டாக்கனி ஆனது. இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்குவது மலேசியா மரம், ஆப்பிரிக்கத் தேக்கு, படாக். போன மாதம் கப்பலில் வந்த கட்டை, இந்த மாதம் அறுவை மில்லில், அடுத்த மாதம் ஒருத்தர் வீட்டு வாசலில். காய நேரம் ஏது? ஈரத்தோடு ஒட்டிய 12 மில்லிமீட்டர் நாக்கு, முதல் மேல்காற்றிலேயே தோள் பக்கம் மயிரிழை விரிசல் விடும்.

வீரவநல்லூரில் கண்பார்வை மங்கிய ஓர் ஆசாரித் தாத்தாவிடம் கட்டர் செட்டின் படத்தைக் காட்டினேன். கையில் வாங்கவில்லை. விரலால் நாக்கின் நீளத்தை மட்டும் காட்டச் சொன்னார். காட்டினேன்.

“இம்புட்டுத்தானா? இது கழுந்தா தம்பி, காதுல போடுத கடுக்கன்லா.”

“மெஷின்ல இவ்வளவுதான் வரும் தாத்தா.”

“மெஷின் என்ன செய்யும்? அதுக்கு வச்ச கத்தி அப்படி. கத்தியை மாத்துனா தெரிஞ்சு போவுது.”

அவர் சொன்னது அப்படியே உண்மை என்பது பிறகு தெரிந்தது. தண்டின் தலை மேலே நீட்டிக்கொண்டிருக்காமல், கட்டரோடு மட்டமாக அடங்குகிற குட்டைத் தண்டு தனியாகக் கிடைக்கிறது. அதில் எதிரச்சுக் கட்டரை மாட்டினால் எவ்வளவு நீளக் கழுந்தும் கட்டருக்கு மேலே சறுக்கிக்கொண்டு போகும். கழுந்தைத் தனியாக அறுத்துக்கொண்டு, துளையைச் சதுரத்துளை மெஷினில் போட்டுக்கொள்ளலாம். ஐரோப்பாவில் ஜன்னலும் கதவும் செய்கிறவர்கள் பெரிய கழுந்துத் தட்டுகளையே ஸ்பிண்டிலில் ஓட்டுவார்கள். 100 மில்லிமீட்டர் கழுந்துக்குத் தட்டின் விட்டம் 260-க்கு மேல் வரும். நம் சின்ன மெஷின்களுக்கு அது ஆகாது. ஆக, முழுக்கழுந்து அழிந்தது மெஷின் வந்ததால் இல்லை. மலிவாகக் கிடைக்கிற செட்டில் அது இல்லாததால்.

நம் அரசாங்கத்தின் விதிப்புத்தகமே இன்னும் பழைய ஆசாரி பக்கம்தான் நிற்கிறது என்பது வேடிக்கை. மத்தியப் பொதுப்பணித் துறையின் விவரக்குறிப்பில் கழுந்தின் தடிமன் சட்டத்தின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. 180 மில்லிமீட்டருக்கு மேல் அகலமான குறுக்குச் சட்டத்துக்கு இரண்டு கழுந்து. பசையோடு மரமுளையோ மூங்கில் ஆணியோ அடிக்க வேண்டும். மூங்கில் ஆணி என்று அதிலேயே எழுதியிருக்கிறது! நாசரேத் வகுப்பறைப் பையனுக்கும் இதே மூன்றில் ஒரு பங்கைத்தான் சொல்லியிருப்பார்கள். கட்டர் வாங்குகிறவர் அச்சுவேலையின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய எண் இதுதான்: காடியின் அகலம். 35-லிருந்து 40 மில்லிமீட்டர் கதவுக்கு 12 மில்லிமீட்டர் காடி எடுக்கிற கட்டர். துளையும் அதே 12. அப்போதுதான் காடியும் துளையும் ஒரே கோட்டில் விழும்.

அடுத்தது கத்தியின் உலோகம். ஹை-ஸ்பீடு ஸ்டீல் மழிக்கிற கூர்மைக்கு வரும், பட்டறைச் சாணைக்கல்லிலேயே தீட்டலாம், விலை குறைவு. ஆனால் தேக்குக்குள் மணல் சத்து இருக்கிறது, சிலிகா. நான்கைந்து கதவிலேயே முனை மழுங்கும். டங்ஸ்டன் கார்பைடு பல மடங்கு தாங்கும், ஆனால் அதைத் தீட்ட வைரக்கல் வேண்டும். எப்படியானாலும் அச்சுக் கட்டரைத் தீட்டுகிறபோது தட்டையான முன்முகத்தை மட்டும்தான் தொடலாம். வளைவைத் தொட்டால் அச்சு மாறி, ஜோடி ஜோடியாக இருக்காது. தீட்டத் தீட்ட காடி கொஞ்சம் ஒடுங்கும், நாக்கு கொஞ்சம் தடிக்கும். அதைச் சரிக்கட்ட நடுவில் மெல்லிய வளையங்கள் போட்டு ஏற்றி இறக்குகிற வசதியுள்ள செட் வாங்குவது நல்லது.

இதுவரை சொன்னது கதவுக்கு. இனி விரலுக்கு.

பழைய ஸ்பிண்டில்களில் தண்டிலேயே ஒரு நீளத்துளை இருக்கும். அதில் ஒரு பட்டை இரும்பைச் சொருகி, ஆசாரியே வேண்டிய அச்சில் அராவி, ஸ்குரூ வைத்து இறுக்கிவிடுவார். ஒற்றைக் கத்தி. வேண்டிய அச்சைச் செலவில்லாமல் எடுக்கலாம். ஸ்குரூ தளர்ந்தால் கத்தி துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும். அதற்குப் பின் வந்த சதுரத் தலையில் கத்திகளை போல்ட் போட்டு மாட்டுவது. இரண்டிலும் பெரிய ஆபத்து, கத்திக்கும் தலைக்கும் நடுவில் உள்ள காலி இடம். விரல் அந்தக் காலிக்குள் போனால் ஒரே சுற்றில் எலும்போடு போகும். ஐரோப்பாவில் கையால் மரம் தள்ளுகிற மெஷினுக்கு என்று தனி வகைக் கட்டர் வைத்தார்கள். வட்டமான உடம்பு, கத்தி அதிலிருந்து 1.1 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது. அதன் மேல் எம்.ஏ.என். என்று மூன்று ஆங்கில எழுத்துப் பொறித்திருக்கும். விரல் பட்டால் வெட்டும்தான், ஆனால் இழுத்து விழுங்காது.

வேகமும் கணக்குத்தான். 150 மில்லிமீட்டர் கட்டர் நிமிஷத்துக்கு 6,000 சுற்று ஓடினால் கத்தியின் முனை விநாடிக்கு 47 மீட்டர் போகிறது. நல்ல வேகம். அதே 6,000 சுற்றில் 260 மில்லிமீட்டர் தட்டை மாட்டினால் 80-ஐத் தாண்டிவிடும். ‘சும்மா மாட்டிப் பாப்போம்’ என்பதற்கு இங்கே இடமில்லை. கட்டரின் உடம்பில் அதிகபட்சச் சுற்று பொறித்திருக்கும். பொறிக்காத கட்டரை வாங்காதீர்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இங்கிலாந்தில் மரவேலை மெஷின்களுக்கென்றே 1922-லேயே தனி விதிகள் வந்தன. இங்கே 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தான மெஷினுக்குக் காப்புப் போடச் சொன்னது. ஆனால் கரண்டில் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை என்று அந்தச் சட்டம் எல்லை வகுத்தது. கதவுப் பட்டறையில் மூன்று பேர், நான்கு பேர். சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இல்லை. சாமுவேல் பெந்தாம் திறமை வேண்டாத மெஷின் என்று எழுதினார். திறமை வேண்டாம் என்றால் யாரையும் நிறுத்தலாம். மாற்றலாம். நான் பேசிய ஸ்பிண்டில் ஆட்களில் மூன்று பேருக்கு விரல் நுனி குறைவு. அதில் ஒருவர், “சம்பளத்துல குறைக்கல தம்பி, விரல்லதான் குறைஞ்சுது” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தானிடம் நான்கு விஷயம் சொன்னேன்: 12 மில்லிமீட்டர் காடி, குட்டைத் தண்டு, வளையம் போட்டுத் திருத்துகிற ஜோடி, அந்த மூன்று எழுத்து. “நாலும் இருக்கிற செட்டு வெலை என்ன தெரியுமாடே?” என்றார். தெரியும், சாதாரண செட்டைப் போல மூன்று மடங்குக்குக் கிட்ட. ஒரு வாரம் யோசித்தார். ஒரு கதவு தொங்கிப்போய்த் திருப்பி எடுத்துச் சரிசெய்து கொடுத்த செலவைக் கணக்குப் பார்த்தார் என்று நினைக்கிறேன். வாங்கிவிட்டார். சதுரத்துளை மெஷின் ஏற்கெனவே ஒரு மூலையில் தூசி படிந்து கிடந்தது. நிலைக்குத் துளை போட மட்டும் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

முதல் கதவு படாக்கில். எதிரச்சு வெட்டிய குறுக்குச் சட்டம் நீளக் கழுந்தோடு வந்தது. துளையில் தட்டி இறக்கினால் தோள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஆப்புதான் சரியாக வரவில்லை. பட்டறைப் பையன் கனமாக அறுத்துவிட்டான், அடித்ததும் நெட்டுச் சட்டத்தின் முனை விரிசல் விடப் பார்த்தது. வீரவநல்லூர்த் தாத்தாவுக்குப் போன் போட்டேன். ஆறுக்கு ஒன்று சரிவு வை என்றார், ஆறு பங்கு நீளத்துக்கு ஒரு பங்கு தடிமன். துளையின் வெளிவாயை மேலும் கீழும் ஆப்பு அளவுக்குக் கொஞ்சம் அகலப்படுத்து. கழுந்தின் நடுவில் அடிக்காதே, ஓரத்தில் அடி. கடைசியாக, “ஆப்பு என்ன மரம்லே?” என்று கேட்டார். படாக் துண்டுதான் என்றேன்.

“கதவு மரத்துலயே ஆப்பு அடிப்பானாடே? நல்லாக் காஞ்ச வேங்கை இருந்தா எடு” என்றார்.